எட்டாயிரத்தில் ஒன்று: ஒரு பயிற்சி மாணவரும் அணுவின் கருவும்

அணுவின் நடுவே ஒரு கரு இருக்கிறது என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. மெல்லிய தங்கத் தகடு, அதன் மேல் பாயும் ஆல்ஃபா துகள்கள், அவற்றில் சில திரும்பி வருவது, ரூதர்ஃபோர்டு என்ற பெயர்... ஒரு பக்கம், ஒரு படம், ஐந்து மதிப்பெண். அந்தப் பக்கத்தில் பல சமயம் விடுபட்டுப் போகும் பெயர் எர்னஸ்ட் மார்ஸ்டன். 1909-ல் அந்தத் துகள்களை இருட்டறையில் உட்கார்ந்து எண்ணியபோது அவருக்கு வயது 20. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இன்னும் படிப்பு முடியாத மாணவர். உலகத்தைப் புரட்டிப்போடும் ஆராய்ச்சி என்று யாரும் அதைத் தொடங்கவில்லை. அளவீட்டு முறைகளைப் பழகிக்கொண்டிருந்த பையனுக்கு, "சின்னதாக ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாமே" என்று கொடுத்த வேலைதான் அது.

அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் மார்ஸ்டன் என்ன பழகியிருந்தார், எப்படிப் பழகியிருந்தார் என்று பார்த்தால் அதிர்ஷ்டத்துக்கு அங்கே அதிக இடமில்லை என்பது தெரியும். அதற்கு முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இயற்பியல் மாணவர்கள் லேபில் தாங்களே கை வைத்து அளந்து படிப்பது என்பது இன்றைக்குச் சாதாரண விஷயம். ஆனால் அந்த வழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் மேடையில் நின்று கருவியை இயக்கிக் காட்டுவார். மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். கருவியைத் தொட அனுமதி கிடையாது. ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க்கில் ஃபிரான்ஸ் நாய்மன் 1834 முதல் நடத்திய கருத்தரங்கம் இதில் ஒரு விதிவிலக்கு. அளவீட்டில் எவ்வளவு பிழை வந்திருக்கும் என்று கணக்கிடுவதையே அவர் பாடமாக வைத்தார். கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) பழைய கல்லூரிக் கட்டிடத்தில் சும்மா கிடந்த ஒரு ஒயின் நிலவறையைப் பிடித்து மாணவர்களுக்கான ஆய்வகமாக்கினார். அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிக்காக அவருக்குத் தேவைப்பட்ட அளவீடுகளில் அந்த மாணவர்களின் கை உண்டு.

முறையான பாடத்திட்டமாக இது மாறியது 1870-ஐ ஒட்டித்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1869-ல் எட்வர்ட் பிக்கரிங் ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பரிசோதனை, பக்கத்திலேயே எழுதிவைத்த செய்முறைக் குறிப்பு. ஒரு மேசையில் முடித்த மாணவர் அடுத்த மேசைக்குப் போக வேண்டும். நம்மூர்க் கல்லூரிகளில் இன்றும் "ரொட்டேஷன்" என்ற பெயரில் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். அடுத்த ஆண்டு, 1870-ல், ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கோல்ராஷ் செய்முறை இயற்பியலுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். அது திருத்தித் திருத்தி 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பதிப்பிக்கப்பட்டது. அந்தப் புத்தகம் கருவிகளை விவரிப்பதற்கு முன்பே பிழைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. கேம்பிரிட்ஜின் கணித ஆசிரியர் ஐசக் டோட்ஹன்டர் 1873-ல் எழுதிய ஒரு நூலில், ஆசிரியர் சொல்வதை மாணவன் நம்பினால் போதும், பரிசோதனையைக் கண்ணால் பார்த்துத்தான் நம்புவேன் என்பது வீண் சந்தேகம் என்ற பொருளில் வாதாடினார். ஆசிரியர் அநேகமாக ஒரு பாதிரியார், அறிவும் ஒழுக்கமும் உள்ளவர், அவரைச் சந்தேகிப்பானேன் என்பது அவர் கட்சி. படிகத்தில் ஒளி கூம்பு வடிவில் விலகும் அபூர்வக் காட்சியைக் காட்ட மேக்ஸ்வெல் இவரைக் கூப்பிட்டதாகவும், "வாழ்நாள் முழுக்க அதைப் பாடம் நடத்திவிட்டேன், இப்போது பார்த்து என் கருத்தைக் குழப்பிக்கொள்ள விருப்பமில்லை" என்று இவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. சிரிப்பு வருகிறது. ஆனால் இந்த வாதம் அவ்வளவு எளிதில் செத்துவிடவில்லை. புத்தகத்தில் இருக்கும் விடைக்கு ஏற்றபடி ரீடிங்கை "சரிசெய்து" ரெக்கார்டு நோட்டில் எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் டோட்ஹன்டரின் சீடர்தான்!

மேக்ஸ்வெல்லின் நிலை இதற்கு நேர் எதிர். கேவண்டிஷ் ஆய்வகத்தின் முதல் பேராசிரியராக 1871-ல் அவர் ஆற்றிய தொடக்க உரையில் ஒரு கருத்து வரும். மாணவன் தானே செய்த, அடிக்கடி மக்கர் பண்ணும் கருவியிலிருந்து கற்றுக்கொள்வது அதிகம். நேர்த்தியாகப் பொருத்திவைத்த கருவியை அவன் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவான், அதைப் பிரித்துப் பார்க்கவும் பயப்படுவான். 1874-ல் ஆய்வகம் திறந்தது. மேக்ஸ்வெல்லுக்குப் பின் வந்த ராலே பிரபுவின் காலத்தில் கிளேஸ்புரூக், ஷா என்ற இரண்டு உதவியாளர்கள் செய்முறை வகுப்புகளை ஒழுங்குபடுத்தினார்கள். 1885-ல் அவர்கள் எழுதிய பாடப்புத்தகம் அதன் விளைவு.

இதன் பலன் இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர், ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். எல்லா இயற்பியல் மாணவர்களும் செய்கிற அதே பரிசோதனை. முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் படும்போது தெரிந்த விளிம்பு விளைவுப் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததை அவர் கவனித்தார். கோணத்தை எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. 1906 நவம்பரில் லண்டனின் 'ஃபிலாசஃபிகல் மேகசின்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. அவர் சி.வி. ராமன். அப்போது அவருக்கு வயது 18.

இனி மான்செஸ்டருக்கு வரலாம். அங்கே பேராசிரியராக இருந்தவர் ஆர்தர் ஷூஸ்டர். 1900-ல் திறக்கப்பட்ட அருமையான ஆய்வகத்தை உருவாக்கியவர் அவர்தான். தன் இடத்துக்கு ரூதர்ஃபோர்டு வருவதாக இருந்தால் தான் முன்கூட்டியே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி 1907-ல் விலகியும் கொண்டார். பதவியை விட்டுக்கொடுத்த பேராசிரியர்களின் பட்டியல் உலகத்தில் மிகச் சிறியது என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஷூஸ்டரிடம் உதவியாளராக இருந்த ஹான்ஸ் கைகர் என்ற ஜெர்மானிய இளைஞரும் கட்டிடத்தோடு சேர்ந்து ரூதர்ஃபோர்டுக்குக் கிடைத்தார்.

ரூதர்ஃபோர்டின் அப்போதைய சிக்கல் எண்ணுவது. ரேடியத்திலிருந்து வெளிவரும் ஆல்ஃபா துகள்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மின்சார முறை. 1908-ல் ரூதர்ஃபோர்டும் கைகரும் சேர்ந்து உருவாக்கியது. இன்று எம்.எஸ்சி. லேபில் "ஜி.எம். கவுண்டர்" என்று மாணவர்கள் உருட்டும் கருவிக்கு இதுதான் தாத்தா. இன்னொன்று கண்ணால் எண்ணும் முறை. துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் ஓர் ஆல்ஃபா துகள் மோதினால் அந்த இடத்தில் மினுக்கென்று ஒரு ஒளிப்பொறி தோன்றி மறையும். அதை மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து எண்ண வேண்டும்.

எழுதும்போது சுலபம். செய்யும்போது? அறை முழு இருட்டாக இருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும்வரை, அரை மணி நேரம் போல, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மங்கலான ஒரு சிறு வட்டத்தை இமைக்காமல் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 90 பொறிகளுக்கு மேல் வந்தால் கண் தவறவிடும். 5-க்குக் கீழே போனால் கவனம் சிதறிவிடும், வந்த பொறியையும் மனசு நம்பாது. ஆகவே இந்த இரண்டு எல்லைகளுக்குள் எண்ணிக்கை வரும்படி கதிரியக்க மூலத்தின் வலிமையையும் தூரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண் சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் கொஞ்ச நேரம் எண்ணுவது, ஓய்வெடுப்பது, மறுபடி எண்ணுவது என்றே வேலை நகரும். கைகர் இதில் பூதம். இரவு முழுக்க அலுக்காமல் எண்ணுவார். ரூதர்ஃபோர்டோ இரண்டே நிமிடத்தில் திட்டிக்கொண்டே எழுந்து போய்விடுவதாகத் தானே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

எண்ணுவதோடு வேலை முடியாது. எண்ணியதை எவ்வளவு நம்பலாம்? கதிரியக்கம் கடிகாரம் மாதிரி சீராக நடப்பதில்லை. ஒரு நிமிடம் 20 துகள் வரும், அடுத்த நிமிடம் 27 வரும். கருவி கெட்டுவிட்டதா, கண் ஏமாற்றுகிறதா, இல்லை இயற்கையே இப்படித்தானா? இதைத் தீர்த்துக்கொள்ள ரூதர்ஃபோர்டும் கைகரும் பொலோனியத்தை வைத்து ஒரு நீண்ட எண்ணிக்கை நடத்தினார்கள். பொறி தெரிந்த உடனே ஒரு சாவியைத் தட்ட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் காகித நாடாவில் குறி விழும். அந்த நாடாவை ஏழரை விநாடித் துண்டுகளாகப் பிரித்தார்கள். மொத்தம் 2,608 துண்டுகள், 10,000-க்கும் மேற்பட்ட துகள்கள், ஒரு துண்டுக்குச் சராசரி 3.87. ஒரு துகள்கூட வராத துண்டுகள் 57. முழுக்க முழுக்கத் தற்செயலாக வந்தால் எத்தனை துண்டுகள் வெறுமையாக இருக்கும் என்று கணிதவியலாளர் ஹாரி பேட்மன் கொடுத்த சூத்திரப்படி பார்த்தால் 54. 1910-ல் வெளியான இந்த அட்டவணை இன்றும் புள்ளியியல் பாடப்புத்தகங்களில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆண்டுகளில் ரூதர்ஃபோர்டு இன்னொன்றும் செய்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஹோரஸ் லாம்ப் நடத்திய நிகழ்தகவு வகுப்பில், மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 1908-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்ட மனிதர்!

இந்தச் சூழலுக்குள்தான் மார்ஸ்டன் வந்து சேர்ந்தார். லங்காஷயரில் ரிஷ்டன் என்ற ஊரில் ஒரு நெசவாளரின் மகன். கைகரிடம் கதிரியக்க அளவீட்டு முறைகளைப் பழகிக்கொண்டிருந்தார். ரூதர்ஃபோர்டு பின்னாளில் சொன்ன கதைப்படி, கைகர் ஒருநாள் வந்து, இந்தப் பையன் சின்னதாக ஒரு ஆராய்ச்சி தொடங்கலாமே என்றாராம். ஆல்ஃபா துகள்கள் பெரிய கோணத்தில் சிதறுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றாராம் இவர். சிதறும் என்ற நம்பிக்கை அவருக்குத் துளியும் இல்லை. மார்ஸ்டனின் நினைவு கொஞ்சம் வேறு மாதிரி. ரூதர்ஃபோர்டே அறைக்குள் வந்து, உலோகப் பரப்பில் பட்டு ஆல்ஃபா துகள் நேராகத் திரும்பி வருகிறதா பார் என்று சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். எது சரி என்பது பெரிய விஷயமில்லை. இல்லை என்று பதில் வரும் என்று எல்லோரும் நினைத்த ஒரு கேள்வியைக் கொடுத்தார்கள் என்பதில் இரண்டு கதைகளும் ஒத்துப்போகின்றன.

அந்தக் கேள்வி வானத்திலிருந்தும் குதிக்கவில்லை. ஆல்ஃபா துகள்களின் கற்றை பொருளுக்குள் போனால் லேசாகக் கலங்குகிறது என்பதை ரூதர்ஃபோர்டு 1906-லேயே கனடாவில், மெல்லிய மைக்காத் தகட்டை வைத்துப் பார்த்திருந்தார். துகள்களை எண்ணும்போதும் இந்தச் சிதறல் பெரிய தொந்தரவு. தொந்தரவை ஒழிப்பது பயிற்சியின் பாதி. அந்தத் தொந்தரவு எவ்வளவு என்று அளந்து பார்ப்பது மீதிப் பாதி.

1909-ன் அமைப்பைப் பாருங்கள். கூம்பு வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் ரேடியம் வெளிவிடும் வாயு (இன்றைய பெயர் ரேடான்). குழாயின் முனையில் ஆல்ஃபா துகள்கள் வெளியேறுமளவுக்கு மெல்லிய மைக்கா ஜன்னல். பக்கத்தில் துத்தநாக சல்ஃபைடு திரை. குழாய்க்கும் திரைக்கும் நடுவே ஒரு ஈயத் தட்டு, நேரடியாக ஒரு துகளும் திரைக்குப் போய்விடாதபடி. எதிரே ஓர் உலோகத் தகடு. திரையில் பொறி தெரிந்தால் அந்தத் துகள் தகட்டில் பட்டுத் திரும்பி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பொறி தெரிந்தது. தங்கத் தகட்டுக்கு நிமிடத்துக்கு 67. பிளாட்டினத்துக்கு 63, ஈயத்துக்கு 62, வெள்ளிக்கு 27, தாமிரத்துக்கு 14.5, அலுமினியத்துக்கு 3.4.

"ஆகா, கண்டுபிடித்துவிட்டோம்" என்று இங்கே ஓடியிருக்கலாம். அவர்கள் கட்டுரையில் வருவது வேறு. முதலில், தகட்டையே எடுத்துவிட்டு எண்ணினார்கள். அப்போதும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு பொறி வந்தது! ஈயத் தட்டு கசிகிறதா? கண் பொய் சொல்கிறதா? நடுவில் இருந்த காற்றே துகள்களைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டினார்கள். அலுமினியத்துக்கு 3.4 மட்டுமே கிடைக்கிற பரிசோதனையில் இந்த ஒன்றை விட்டிருந்தால் அட்டவணையே தப்பாகிப் போயிருக்கும்.

அடுத்த சந்தேகம். துகள்கள் உலோகத்தின் மேற்பரப்பில் மட்டும் பட்டுத் தெறிக்கின்றனவா, உள்ளே போய்த் திரும்புகின்றனவா? மெல்லிய தங்கத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எண்ணினார்கள். தாள் கூடக் கூட எண்ணிக்கையும் கூடியது, ஒரு அளவுக்கு மேல் கூடவில்லை. மேற்பரப்பு விஷயமாக இருந்தால் ஒரு தாளே போதுமே. ஆக, திருப்பம் உலோகத்தின் உள்ளே நடக்கிறது. கடைசியாக, எத்தனையில் ஒன்று திரும்புகிறது? பிளாட்டினத்தில் அளந்தபோது சுமார் 8,000-ல் ஒன்று.

ஒரு வாரம் கழித்து ரூதர்ஃபோர்டின் அறைக்குப் போகும் படிக்கட்டில் அவரைப் பார்த்து முடிவைச் சொன்னதாக மார்ஸ்டன் நினைவுகூர்ந்திருக்கிறார். கட்டுரை 1909 மே மாதம் ராயல் சொசைட்டிக்குப் போனது. ஒரு மெல்லிய காகிதத்தின் மீது 15 அங்குலப் பீரங்கிக் குண்டைச் சுட்டு அது திரும்பி வந்து நம்மையே தாக்கியது போல இருந்தது என்று ரூதர்ஃபோர்டு சொன்னது மிகப் பிரபலம். ஆனால் அது பல வருடங்களுக்குப் பிந்தைய பேச்சு. 1909-ல் யாரும் அப்படித் துள்ளிக் குதித்ததற்கான அடையாளம் அந்தக் கட்டுரையில் இல்லை. அதற்குச் சரியான விளக்கம் கிடைக்க ரூதர்ஃபோர்டுக்கே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. அணுவின் மின்னூட்டம் நடுவில் ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது என்ற கட்டுரை வந்தது 1911 மே மாதம்.

கதையை இங்கே முடித்துவிடுவது புத்தகங்களின் வழக்கம். ஆனால் உழைப்பின் பெரும்பகுதி இதற்குப் பிறகுதான். ரூதர்ஃபோர்டின் சூத்திரப்படி, சிதறும் துகள்களின் எண்ணிக்கை கோணத்தைப் பொறுத்து மிகக் கடுமையாக மாறும். 5 டிகிரியில் வருவதற்கும் 150 டிகிரியில் வருவதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 2,40,000 மடங்கு. கண்ணோ நிமிடத்துக்கு 5 முதல் 90 வரைதான் எண்ணும்! ஒரே மூலத்தை வைத்து இரண்டு முனைகளையும் அளக்க முடியாது. வலிமையான மூலத்தோடு பெரிய கோணங்களைத் தொடங்கி, ரேடான் நாளுக்கு நாள் சிதைந்து வலிமை குறையக் குறையச் சிறிய கோணங்களுக்கு வந்தார்கள். எந்த நாளில் எவ்வளவு குறைந்திருக்கும் என்பது கணக்குத் தெரிந்த விஷயம், திருத்திக்கொள்ளலாம். மூலம் பலவீனமாவது குறைபாடு. அதையே வசதியாக மாற்றிக்கொண்டதுதான் கைகரின் திறமை. 1913-ல் வெளியான அந்தக் கட்டுரைக்காக அவர்கள் எண்ணிய பொறிகள் 1,00,000-க்கும் மேல்.

அதற்கு முந்தைய வருடம், 1912-ல், கைகரும் வால்டர் மக்கோவரும் கதிரியக்கச் செய்முறை அளவீடுகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டிருந்தார்கள். மார்ஸ்டன் பழகிய மாதிரியான பயிற்சி அதற்குள் பாடப்புத்தகமாகிவிட்டது. மார்ஸ்டன் பிற்பாடு ரூதர்ஃபோர்டின் சொந்த நாடான நியூசிலாந்துக்குப் பேராசிரியராகப் போனார். முதல் உலகப் போரில் அவர் ஒரு பக்கம், கைகர் எதிர்ப்பக்கம். இருவரும் உயிரோடு திரும்பினார்கள்.

அதே ஒளிப்பொறி முறை எப்படித் தவறாகப் போகும் என்பதற்கும் வரலாற்றில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1920-களில் வியன்னாவின் ரேடியம் ஆராய்ச்சி நிலையத்தில் ஹான்ஸ் பெட்டர்சன், கெர்ஹார்ட் கிர்ஷ் இருவரும் லேசான தனிமங்களின் அணுக்கருக்களை ஆல்ஃபா துகளால் உடைக்கும் பரிசோதனைகளைச் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த புரோட்டான்களின் எண்ணிக்கை கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டுக்கும் ஜேம்ஸ் சாட்விக்குக்கும் கிடைத்ததைவிட மிக அதிகம். கேம்பிரிட்ஜில் உடையாத தனிமங்கள் வியன்னாவில் உடைந்தன. ஆண்டுக்கணக்கில் கட்டுரைகளிலேயே சண்டை. ஒரு பக்கம் தவறு, எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியவில்லை.

1927 டிசம்பரில் சாட்விக் வியன்னாவுக்கே போனார். (அவரும் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் படித்தவர்தான்.) அங்கே பொறிகளை எண்ணும் வேலையைச் சில இளம் பெண்கள் செய்துவந்தார்கள். எந்தத் தனிமம் வைக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு வரும் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. சாட்விக் செய்தது ஒரே ஒரு மாற்றம். கருவியில் என்ன வைத்திருக்கிறது என்று சொல்லாமல், வரிசையை அவர்கள் ஊகிக்க முடியாதபடி கலைத்துப்போட்டு எண்ணச் சொன்னார். வியன்னாவின் அதிகப்படி எண்ணிக்கை காணாமல் போய்விட்டது. கேம்பிரிட்ஜின் எண்ணே அங்கும் வந்தது.

அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. மங்கலான பொறிகளை விளிம்பில் பார்க்கும் கண், வரும் என்று நினைத்தால் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கும். பழியை அவர்கள் மேல் போடுவதும் நியாயமில்லை. என்ன வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரியப்படுத்திய ஏற்பாடுதான் தவறு. நிலையத்தின் தலைவர் ஸ்டெஃபான் மேயர் மனம் உடைந்துபோய், வெளிப்படையாக அறிவித்துவிடவும் தயாராக இருந்தார். ஆனால் விஷயம் வெளியே பேசப்படாமலேயே அடங்கியது. பெருந்தன்மை என்று சொல்லலாம். ஆனால் அடுத்த தலைமுறை மாணவர்கள் படித்திருக்க வேண்டிய ஒரு நல்ல பாடம் இதனால் பல காலம் பாடப்புத்தகங்களுக்கு வெளியிலேயே கிடந்தது. 1928-ல் கைகரும் வால்டர் முல்லரும் புதிய மின்சார எண்ணியைக் கொண்டுவந்தார்கள். கண்ணால் எண்ணும் காலம் சில ஆண்டுகளில் முடிந்தது.

ரூதர்ஃபோர்டு சிதறல் இன்று பல பல்கலைக்கழகங்களின் மேல்நிலை இயற்பியல் லேபில் ஒரு பயிற்சி. எம்.ஐ.டி.யில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கான புகழ்பெற்ற லேபிலும் அது உண்டு. ரேடான் குழாய்க்குப் பதில் அமெரிசியம்-241. காற்றை வெளியேற்றிய சிறு உலோகப் பெட்டி, அதற்குள் தங்கத் தகடு, கண்ணுக்குப் பதில் சிலிக்கான் உணர்வி. இருட்டும் வேண்டாம், கண்ணும் வலிக்காது. விடையும் எல்லோருக்கும் முன்பே தெரியும். அதாவது, மாணவர் உட்கார்ந்திருப்பது மார்ஸ்டனின் நாற்காலியில் இல்லை, வியன்னாவின் நாற்காலியில்!

செய்முறை வகுப்புகள் எதற்காக என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. வகுப்பில் படித்த பாடத்தை மனதில் பதியவைக்கத்தான் லேப் என்பது பொதுவான பதில். நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன் (2001-ல் நோபல் வாங்கியவர்) முதலானோர் அமெரிக்காவில் 3 கல்வி நிறுவனங்களின் 9 லேப் வகுப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவை மேல்நிலை லேப் இல்லை, தொடக்கநிலை வகுப்புகள். அந்த நோக்கத்தோடு நடத்தப்பட்ட லேபுக்குப் போன மாணவர்கள், போகாதவர்களைவிட அந்தப் பாடப்பகுதிக் கேள்விகளில் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை என்று 2017-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன் 2015-ல் இதே குழுவில் சிலர் வேறொன்றைக் காட்டியிருந்தார்கள். ஊசல் போன்ற எளிய பரிசோதனையில்கூட, "இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகின்றனவா, இல்லையென்றால் என்ன மாற்றுவாய்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கப்பட்ட மாணவர்கள், பிற்பாடு யாரும் சொல்லாமலே தங்கள் முறையைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஊசலின் சூத்திரம் பெரிய கோணங்களுக்குச் சரியாகப் பொருந்தாது என்பதையும் அவர்களில் பலர் தங்கள் எண்களிலிருந்தே பிடித்தார்கள். மேக்ஸ்வெல்லின் மக்கர் பண்ணும் கருவி நினைவுக்கு வருகிறதல்லவா?

சிதறல் பயிற்சியில் மாணவரைப் படுத்துவது இரண்டு இடங்கள். முதலாவது பெரிய கோணம். 20 டிகிரியில் 100 துகள்களை எண்ண இரண்டு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அதே 100-ஐ 60 டிகிரியில் எண்ண, சூத்திரப்படி, இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 100 எண்ணினாலும் பிழை அதன் வர்க்கமூலமான 10, அதாவது நூற்றுக்குப் பத்து. பிழையை நூற்றுக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டுமென்றால் 10,000 துகள்கள் வேண்டும், ஒன்பது நாளுக்கு மேல் பிடிக்கும். லேப் நேரமோ ஒரு மதியம். கிடைத்த நேரத்தை எந்தக் கோணத்துக்கு எவ்வளவு பங்கிடுவது என்று உட்கார்ந்து திட்டமிட வேண்டும். கையேடு இதைச் சொன்னால் பயிற்சியில் பாதி போய்விடும்.

இரண்டாவது சிறிய கோணம். அங்கே எண்ணிக்கை ஏராளம், ஆனால் வரைபடத்தில் புள்ளிகள் சூத்திரத்தின் கோட்டில் உட்காராது. கற்றைக்கு அகலம் உண்டு, உணர்விக்கும் அகலம் உண்டு. சில டிகிரிகளுக்குள் தகட்டைத் தொட்டுச் சிதறியது எது, சும்மா நேராக வந்தது எது என்று பிரிக்க முடியாது. பூஜ்ஜியக் கோணம் என்று அளவுகோலில் குறித்திருக்கும் இடமும் உண்மையான பூஜ்ஜியமாக இருப்பது அபூர்வம். தகட்டை எடுத்துவிட்டு, வெறும் கற்றையை மட்டும் இரண்டு பக்கமும் கோணம் கோணமாக அளந்தால் நடு எங்கே, அகலம் எவ்வளவு என்பது இரண்டும் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்து வேலை. அவசரத்தில் அதைச் செய்யாமல் நேரே தங்கத் தகட்டைப் பொருத்தியவர், மாலையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். திறந்தால் காற்று உள்ளே புகும், அதை வெளியேற்ற பம்ப் மறுபடி ஓட வேண்டும். அன்றைய மதியம் அதோடு சரி.